ஏழாம் வேற்றுமை

சென்ட்ரிஃபியூஜ் நின்றதும் குழாயை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தேன். அடியில் செல்கள் படிந்திருந்தன, அரிசிமாவைக் கரைத்து வடித்ததுபோல் வெளிறி. அவை பி16 செல்கள். 1954இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு கறுப்பு எலிக்குத் தானாகத் தோன்றிய மெலனோமா என்ற தோல்புற்றின் வழிவந்தவை. இரண்டு மாதத்துக்கு முன் இதே செல்களைச் சுழற்றி இறக்கியபோது குழாயின் அடியில் கண்மைப் பொட்டு வைத்ததுபோல் இருந்தது. மெலனோமா என்ற பெயரிலேயே கருமை இருக்கிறது. இந்தக் குழாயில் அது இல்லை.

வேறு ஏதோ செல் கலந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். எல்லாவற்றையும் பிளீச்சில் கொட்டிவிடத் தயாரானபோது, எனக்கு மூத்தவராக அங்கே வேலை பார்த்த அக்கா ஒருவர் ஒரே கேள்விதான் கேட்டார். “மீடியம் மாத்துனியா?”

மாற்றியிருந்தேன். செல்களுக்கு வழக்கமாக ஊற்றும் வளர்ப்புத் திரவமான டி.எம்.இ.எம். தீர்ந்துபோயிருந்தது. அலமாரியில் ஆர்.பி.எம்.ஐ. 1640 இருந்தது. இரண்டும் இளஞ்சிவப்புத் திரவங்கள்தாம், இரண்டிலும் செல்கள் செழிப்பாகவே வளரும். மாற்றியதை நோட்டில்கூட எழுதவில்லை.

“தூக்கிப் போட்டுடாதே. பழைய மீடியத்துலயே கொஞ்ச நாள் வெச்சுப் பாரு” என்றார். வைத்தேன். அடுத்த வாரம் குழாயின் அடி சாம்பல் நிறத்துக்கு வந்தது, அதற்கடுத்த முறை கறுத்தது.

காரணம் எளிமையானதுதான். மெலனின் என்ற கரும்பொருளைச் செல் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்கிறது. டி.எம்.இ.எம். ஒரு லிட்டரில் சுமார் 72 மில்லிகிராம் டைரோசின் உண்டு. ஆர்.பி.எம்.ஐ.யில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஹாம்ஸ் எஃப்10 என்ற இன்னொரு மீடியத்தில் 2 மில்லிகிராமுக்கும் குறைவு. ஆந்த்ஜெய் ஸ்லோமின்ஸ்கி என்ற, போலந்திலிருந்து வந்த ஆய்வாளர் வெள்ளெலி மெலனோமா செல்களிலும் மனித மெலனோமா செல்களிலும் இதைப் பல ஆண்டுகள் துருவிப் பார்த்திருக்கிறார். எஃப்10இல் நிறமற்றுக் கிடக்கும் செல்களுக்கு டைரோசினைக் கூட்டிக் கொடுத்தால் அவை கறுக்கின்றன. நிறம் மட்டும் மாறுவதில்லை என்பதுதான் அவருடைய பணியில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம். மெலனின் செய்யத் தொடங்கிய செல்லின் வளர்சிதைப் போக்கும், மருந்துக்கு அது காட்டும் எதிர்வினையும் சேர்ந்தே மாறுகின்றன. டைரோசின் வெறும் உணவில்லை. செல்லுக்கு அது ஒரு கட்டளையுமாகிறது.

அந்த வாரத்தில் எனக்குப் பள்ளியில் படித்த இலக்கணம் நினைவுக்கு வந்தது. தண்ணீர்ப்பாம்பு என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, விரித்துச் சொல்லுங்கள் என்பார் தமிழாசிரியர். தண்ணீரில் வாழும் பாம்பு என்போம். அந்த ஒரு சொல்லுக்குள் ‘இல்’ என்ற உருபும் ஒளிந்திருக்கிறது, ‘வாழும்’ என்ற வினையும் ஒளிந்திருக்கிறது. ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஆய்வகத்தில் நாங்கள் மெலனோமா செல் என்று சொல்லும்போதெல்லாம் அதுவும் அப்படியொரு தொகைதான். எதில் வாழும் செல்? உருபும் வினையும் மறைந்து கிடக்கின்றன. விரித்துச் சொல்ல யாரும் கேட்பதில்லை என்பதால், அங்கே மறைந்த ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறோம்.

மெலனோமா செல்லின் முன்னோடியான மெலனோசைட் தனியாக வாழ்கிற செல் அல்ல. மேல்தோலின் அடிவரிசையில் உட்கார்ந்துகொண்டு, மரக்கிளைபோல் கைகளை நீட்டி, சுற்றியுள்ள ஏறத்தாழ 36 கெரட்டினோசைட் செல்களுக்கு நிறத்தைப் பரிமாறுகிறது. அந்தக் கெரட்டினோசைட்டுகளோ அதைக் கையைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஈ-கேட்ஹெரின் என்ற ஒட்டுப்புரதம்தான் அந்தப் பிடி. எப்போது பெருக வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அவையே தீர்மானிக்கின்றன. ஃபிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் மீன்ஹார்ட் ஹெர்லினும் கூட்டாளிகளும் காட்டியது இது. ஈ-கேட்ஹெரினை இழந்துவிட்ட மெலனோமா செல்களில் அதை மறுபடி உருவாக்கிக் கெரட்டினோசைட்டுகளோடு சேர்த்து வளர்த்தபோது, அடங்காத அந்தச் செல்கள் ஓரளவு அடங்கின. பிடியை விட்டதுதான் நோயின் பெரும்பகுதி என்று அந்தச் சோதனையைப் படித்தபோது தோன்றியது.

இந்தப் பிடியிலிருந்து பிரித்தெடுத்து, செல்லைத் தனியே கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ வளர்ப்பது லேசில் கைகூடவில்லை. நலமான மனித மெலனோசைட்டுகளைத் தாராளமாக வளர்க்க 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் ஐசிங்கர், மார்கோ என்ற இருவர் காலரா நச்சையும் டி.பி.ஏ. என்ற பொருளையும் மீடியத்தில் சேர்த்து அதைச் சாதித்தார்கள். டி.பி.ஏ. எங்கிருந்து வந்தது தெரியுமா? நேர்வாள எண்ணெயிலிருந்து. சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளம்தான். எலியின் தோலில் புற்றை ஊக்குவிப்பது என்று ஆய்வுலகம் அறிந்திருந்த பொருளும் அதுவே. நலமான செல்லை உயிரோடு வைக்கப் புற்றூக்கி தேவைப்பட்டது. பல மெலனோமா செல் வரிசைகளில் அதே பொருள் வளர்ச்சியைத் தடுத்தது. வீட்டை இழந்த செல்லுக்கு வீட்டுக்குப் பதிலாக நாம் எதைக் கொடுத்தோம் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

சரி, குடுவையில் என்னதான் இருக்கிறது?

1950களில் ஹாரி ஈகிள் எலி செல்களையும் ஹீலா என்ற மனிதப் புற்றுச்செல்களையும் வைத்துக்கொண்டு, மீடியத்தின் பொருள்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, எது இல்லாவிட்டால் செல் சாகிறது என்று பட்டியல் போட்டார். மகத்தான உழைப்பு. இன்று உலகம் புழங்கும் பல மீடியங்கள் அந்தப் பட்டியலின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தாம். ஆனால் அவர் கேட்ட கேள்வி, செல் பெருகுவதற்கு எது போதும் என்பது. உடம்பில் செல் எதன் நடுவே இருக்கிறது என்பது வேறு கேள்வி. அதிகச் சர்க்கரை கொண்ட டி.எம்.இ.எம். லிட்டருக்கு 4.5 கிராம் குளுக்கோஸ் கொண்டது. நம்மூர் ரத்தப் பரிசோதனைச் சீட்டின் கணக்கில் சொன்னால் சுகர் 450. அந்த எண்ணோடு யாராவது வந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்போம். செல்களை அதில்தான் ஆண்டுக்கணக்கில் வாழவைக்கிறோம்.

அதோடு பத்து சதவீதம் கன்றுச் சீரம். சினைப்பசு வெட்டப்படும்போது வயிற்றிலிருக்கும் கருவின் இதயத்திலிருந்து எடுத்த ரத்தம் உறைந்த பிறகு தெளியும் நீர். பாட்டிலைத் திறக்கும்போது அந்தக் கன்றை நினைக்காமல் இருக்க நான் பழகவேயில்லை. அது ஒருபுறம். சீரம் என்பது ரத்தம் உறைந்தால்தான் உண்டாகிறது. உடம்பில் ஒரு தோல்செல் சீரத்தில் நனைய வேண்டுமென்றால் அங்கே காயம் பட்டிருக்க வேண்டும். காயத்தில் சீரம் சொல்லும் செய்தி, பெருகு, நகர், மூடு என்பது. குடுவையில் அந்தச் செய்தி ஓய்வதே இல்லை. மெலனோமா செல் எப்போதும் நகரத் துடிக்கிறது என்று எழுதுகிற நாம், ஆறாத காயத்துக்குள் அதை வைத்துவிட்டு எழுதுகிறோம்.

ஆக்சிஜனும் அப்படியே. வழக்கமான இன்குபேட்டரில் வெளிக்காற்றின் அளவுக்குக் கிட்டத்தட்ட ஆக்சிஜன் இருக்கும். மேல்தோலில் ரத்தக்குழாயே கிடையாது. அங்கே மெலனோசைட்டுக்குக் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்கு. 2005இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஏக்ட் என்ற புரதம் முடுக்கப்பட்ட மெலனோசைட்டுகள் புற்றாக மாறுவதற்குத் தோலின் இந்த இயல்பான ஆக்சிஜன் குறைவே துணைபோகிறது என்று காட்டினார்கள். காற்றோட்டமான குடுவையில் மட்டும் பார்த்திருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது. பிளாஸ்டிக் தரையின் விறைப்பையும் உடலின் உட்சூட்டைவிடச் சில பாகை தணிந்த தோலின் சூட்டையும் சொல்லிக்கொண்டே போகலாம். பட்டியல் போதும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஓர் எண்ணின் கதை.

மெலனோமாக் கட்டியிலுள்ள எல்லாச் செல்லும் புதிய கட்டியைத் தொடங்க வல்லவையா, அல்லது மிகச் சிலவா? இது வெறும் அறிவு ஆர்வக் கேள்வியல்ல. சிலதான் என்றால் அந்தச் சிலவற்றைக் கண்டுபிடித்துக் கொன்றால் போதும். வைத்தியத்தின் திசையே மாறும். நோயாளிகளின் கட்டியிலிருந்து செல்களைப் பிரித்து, எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தபோது, ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு செல்தான் கட்டியைத் தொடங்கியது. அந்த அபூர்வச் செல்லைத் தேடும் வேட்டை தொடங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்சா கின்டானா, ஷான் மாரிசன் குழுவினர் அதே வகைச் செல்களை எடுத்துக்கொண்டு நிலத்தையும் காத்திருக்கும் காலத்தையும் மட்டும் மாற்றினார்கள். எதிர்ப்பாற்றல் இன்னும் குறைந்த, இயற்கைக் கொல்லிச் செல்களும் இல்லாத எலிகள். செல்லைத் தனியே செலுத்தாமல் மேட்ரிஜெல் என்ற புரதக் கூழோடு கலந்து செலுத்துவது. எட்டு வாரத்தில் கணக்கை முடிக்காமல் 32 வாரம்வரை பார்த்திருப்பது. 2008இல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. நான்கில் ஒரு செல் கட்டியைத் தொடங்கியது. ஒற்றைச் செல்லாகச் செலுத்தியபோதும் அப்படியே.

பத்து லட்சத்தில் ஒன்று. நான்கில் ஒன்று. இரண்டிலும் நோயாளிகளின் கட்டியிலிருந்து வந்த அதே வகைச் செல்கள்.

இந்த எண்களைப் பல நாள் மேசையில் எழுதி ஒட்டிவைத்திருந்தேன். முதல் எண் பிழை என்றும் இரண்டாவதுதான் சரி என்றும் சொல்லிவிட மனம் துடிக்கும். எனக்கு அப்படிப் படவில்லை. 2010இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வேறொரு குழு, எலியின்மேல் மனிதத் தோலை ஒட்டி அதில் செல்களை வளர்த்து, சி.டி.271 என்ற அடையாளம் கொண்டவையே கட்டியைத் தொடங்குகின்றன என்றது. வாதம் தொடர்ந்தது. ஆனால் எந்த எண்ணும் செல்லுக்குள் குறித்துவைக்கப்பட்ட எண் இல்லை. செல்லும் நிலமும் காத்திருந்த காலமும் சேர்ந்து ஈன்ற எண் அது. நாற்றங்காலில் முளைக்காத விதையைப் பதரென்று உழவர் யாரும் உடனே சொல்லிவிட மாட்டார். ஈரம் எப்படி, என்றைக்கு விதைத்தாய், எத்தனை நாள் பொறுத்தாய் என்றுதான் கேட்பார். 1889இலேயே லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட், 735 மார்பகப் புற்று மரணங்களின் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டிவிட்டு, விதையைப் படித்தவர்கள் மண்ணையும் படிக்க வேண்டும் என்ற பொருளில் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

மண் எவ்வளவு தூரம் போகும்? கான்சஸ் நகரின் ஸ்டோவர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பால் குலேசா, மேரி ஹெண்ட்ரிக்ஸ் என்ற இன்னோர் ஆய்வாளரோடும் மற்றவர்களோடும் சேர்ந்து 2006இல் செய்ததைச் சொல்ல வேண்டும். மனித உடலில் பரவிக்கொண்டிருந்த மெலனோமாவிலிருந்து வந்த செல்களைக் கோழிக்கருவின் நரம்புக்குழாயில் வைத்தார்கள். மெலனோசைட்டுகள் கருவில் நரம்பு முகட்டிலிருந்து கிளம்பிப் பயணப்பட்டுத்தான் தோலுக்கு வந்து சேர்கின்றன. அதாவது இந்தச் செல்களின் மூதாதைகள் புறப்பட்ட இடம் அதுதான். அங்கே வைக்கப்பட்ட புற்றுச்செல்கள் கட்டியாகவில்லை. கருவின் நரம்பு முகட்டுச் செல்கள் போகும் அதே பாதையில் நடந்து போயின. சில செல்கள், தாங்கள் முற்றாக விட்டுவிட்டிருந்த ஒரு மெலனோசைட் அடையாளத்தை மீண்டும் ஏந்தின. அந்தப் படங்களை முதலில் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொலைகாரச் செல் என்று நாம் பேர் வைத்த ஒன்று, பிறந்த வீட்டுத் தெருவில் விட்டதும் வழி தப்பாமல் நடக்கிறது. இதை வைத்தியம் என்று சொல்லிவிட முடியாது, கருவின் சூழலை ஒரு வயதானவரின் தோலுக்குள் கொண்டுவரும் வழி நம் கையில் இல்லை.

வயதானவரின் தோல் என்றேனே, அங்கே நேர் எதிரான காட்சி. விஸ்டாரில் அஷானி வீரரத்னா குழுவினர் 2016இல், நோயில்லாத இளையவர்களின் தோலிலிருந்தும் முதியவர்களின் தோலிலிருந்தும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார்த்திசுச் செல்களை எடுத்து, ஒரே மெலனோமா செல்லை இரண்டின் நடுவிலும் வளர்த்தார்கள். முதிய ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் சுரக்கும் எஸ்.எஃப்.ஆர்.பி.2 என்ற புரதம் செல்லைப் பரவத் தூண்டியது, மருந்துக்கு அடங்காமலும் ஆக்கியது. மெலனோமாவால் உயிரிழப்பவர்களில் முதியவர்களே அதிகம். மருந்துகள் முதலில் சோதிக்கப்படும் குடுவையிலோ ஃபைப்ரோபிளாஸ்ட்டே இருப்பதில்லை. எலிகளில் சோதித்தாலும் அவை பெரும்பாலும் இளம் எலிகள்.

இதற்கான விலை யாருடைய உடம்பில் செலுத்தப்படுகிறது என்பதை நினைக்கும்போதுதான் இலக்கணப் பேச்சு எனக்குப் பேச்சாக மட்டும் நிற்பதில்லை. ஏறத்தாழ பாதி மெலனோமாக்களில் காணப்படும் பி-ராஃப் மரபணு மாற்றம் 2002இல் கண்டறியப்பட்டது. அதைக் குறிவைத்த வெமுராஃபெனிப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குடுவையில் செல்கள் கொத்துக்கொத்தாக மடிந்தன. நோயாளிகளிடமும் கட்டிகள் வியக்கும்படி சுருங்கின, பிறகு பெரும்பாலோரிடம் சில மாதங்களிலேயே திரும்பி வந்தன. மறு ஆண்டு பாஸ்டனிலிருந்து ஒரு விளக்கம் வந்தது. கட்டியைச் சூழ்ந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் எச்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரந்து, மருந்து அடைத்த வழிக்குப் பக்கத்தில் மாற்றுவழியைத் திறந்துவிடுகின்றன. 2015இல் லண்டனில் எரிக் சகாய் குழுவினர் உயிருள்ள எலியின் கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மருந்தே அந்தப் பக்கத்துச் செல்களை எழுப்பிச் சுற்றியுள்ள நார்ப்பின்னலை இறுக்குவதும், அந்த இறுக்கத்துக்குள் புற்றுச்செல்கள் தஞ்சம் புகுவதும் தெரிந்தது. தனியாளாகக் குடுவையில் நின்றபோது செல் மருந்திடம் தோற்றது. அக்கம்பக்கத்தோடு நின்றபோது தோற்கவில்லை.

ஏழாம் வேற்றுமை மட்டுமல்ல, நீங்கல் பொருள் தரும் ஐந்தாம் வேற்றுமையும் தொலைந்ததுண்டு. எம்.டி.ஏ.-எம்.பி.-435 என்ற செல் வரிசை 1970களில் ஒரு மார்பகப் புற்று நோயாளியிடமிருந்து வந்ததாகப் பதிவானது. மார்பகப் புற்று பரவுவதைப் படிக்க அதை எத்தனையோ ஆய்வகங்கள் பயன்படுத்தின. 2000இல் மரபணுச் செயல்பாடுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது அது மெலனோமாக்களோடு போய் உட்கார்ந்தது. பிறகு டி.என்.ஏ. ஒப்பீட்டில் எம்14 என்ற மெலனோமா வரிசையோடு அது ஒன்றே என்று உறுதியானது. எதிலிருந்து வந்தது என்பதையே தொலைத்துவிட்டு, அதைப் பற்றி எத்தனை வாக்கியங்கள் எழுதப்பட்டன!

இப்போது மீடியத்தை ரத்தத்துக்கு நெருக்கமாகச் செய்யும் முயற்சிகள் நடக்கின்றன. 2017இல் வைட்ஹெட் நிறுவனத்தில் ஜேசன் கேன்டர் குழுவினர் மனித பிளாஸ்மாவை ஒத்த மீடியம் ஒன்றைச் செய்தார்கள். பழைய மீடியங்களில் யூரிக் அமிலமே கிடையாது. எலியின் ரத்தத்திலும் மனித அளவுக்கு இல்லை. அதைச் சேர்த்ததும் 5-ஃப்ளூரோயூராசில் என்ற பழைய புற்றுமருந்தின் வீரியம் குறைந்தது. இது மெலனோமாவின் கதையல்ல என்றாலும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

கறுத்த தோல் கொண்ட நமக்கு மெலனோமா அரிது. வந்தால், வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவதுதான் அதிகம். பாப் மார்லிக்குக் கால்விரலில் வந்தது அவ்வகைதான்; 1981இல் 36 வயதில் இறந்தார். உலக ஆய்வகங்களில் புழங்கும் மெலனோமா செல் வரிசைகளில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில், வெயில் பட்ட இடத்தில் எழுந்தவை. உள்ளங்கால் வரிசைகள் மிகச் சிலவே; பி-ராஃப் மாற்றமும் அங்கே குறைவு. 2016இல் ஜப்பானிய மருத்துவர்கள், உள்ளங்காலில் எடை அதிகம் இறங்கும் பகுதிகளில்தான் இந்தக் கட்டிகள் அதிகம் எழுகின்றன என்று காட்டினார்கள். குதிகால், முன்பாதத்தின் மேடு. அப்படியென்றால் அந்தச் செல்லின் நிலத்தில் நடையும் ஒரு பகுதி. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை உடலின் பாரம் அதன்மேல் இறங்கி ஏறுகிறது! செருப்பில்லாமல் வயலில் நின்றவரின் பாதத்தில் அது எப்படி இறங்கும்? இன்குபேட்டருக்குள் குடுவை அசையாமல் படுத்திருக்கிறது. கதவைத் திறந்து மூடும்போது மீடியத்தில் எழும் சிற்றலைதான் அதற்குத் தெரிந்த அசைவு.

அன்றைக்குக் கறுத்துத் திரும்பிய பி16 செல்களை மீண்டும் குடுவைகளில் பிரித்து ஊற்றினேன். குடுவையின்மேல் வழக்கமாக மார்க்கரில் மூன்று விவரம் எழுதுவோம்: செல்லின் பெயர், தேதி, எத்தனையாவது பெயர்ப்பு. அதன் கீழே மீடியத்தின் பெயரை எழுதினேன். சீரம் எந்த லாட் என்று எழுதினேன். ஆக்சிஜன் அளவை எழுத அந்த முகத்தில் இடமில்லை. குடுவையைத் திருப்பிப் பக்கவாட்டில் எழுதி உள்ளே வைத்தேன்.